கை தூக்கிய நாள்

அன்புள்ள மகனுக்கு, அப்பா சொல்லச் சொல்ல எழுதப்படுவது.

நூல் ஆலைக்குப் பூட்டுப் போட்ட வருஷம் அது. ரயில் பாதைக்கு மேலே பாலம் கட்டி முடித்து, திறந்து வைக்க வந்த பெரிய மனுஷரின் கார் பாலத்தின் நடுவிலேயே நின்றுபோய், கூடியிருந்த ஜனங்கள் தள்ளிவிட்டார்களே, அதே வருஷம். காய்ச்சல் பரவுகிறது என்று பள்ளிக்கூடங்களை மூடினார்கள், திறந்தார்கள், மறுபடியும் மூடினார்கள். நான் என் வெல்டிங் பட்டறையைப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மாற்றிக்கொண்டு போனதும் அப்போதுதான். இதையெல்லாம் கேட்டுவிட்டு, "எண்ணுல ஒரு வருஷத்தைச் சொல்லுங்க பெரியவரே, எழுதிடலாம்" என்கிறார் கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர். எனக்கு எண் எங்கே தெரியும்? உனக்கு அப்போது ஒன்பது வயது. உன் தங்கைக்கு ஆறு. அது போதும்.

எழுதுகிறவர் அவர்தான். டாக்டர்கள் கிறுக்குவதையே வாசித்துப் பிழைக்கிறவர், ஆகையால் உனக்குப் புரிகிற மாதிரி எழுதுவார். என் பேச்சை அப்படியே போட்டால் நன்றாக இருக்காது என்று அங்கங்கே சீர் பண்ணிக்கொள்கிறார். வார்த்தை அவருடையதாக இருந்தாலும் விஷயம் என்னுடையது. நம் வீட்டுக் கடிதங்களில் ஆண்டவர் பெயரில் ஒரு வாழ்த்து முதல் வரியில் வரும், அதைப் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். முதல் வரியைப் பார்த்ததுமே நீ மடித்து வைத்துவிடக் கூடாது. முழுக்க வாசிக்க வேண்டும்.

வீட்டில் எல்லாரும் சுகம். வலது கண்ணில் ஆப்பரேஷன் முடிந்தது. வெல்டிங் வெளிச்சம் தின்றது போக மிச்சத்தைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். "தாத்தா, வேலை செய்யும்போது கறுப்புக் கண்ணாடி போட்டீங்களா இல்லையா, உண்மையைச் சொல்லுங்க" என்று டாக்டரம்மா அதட்டினாள். போட்டேன், ஆனால் பத்த வைத்த இடம் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிற அவசரத்தில் கழற்றிவிடுவேன் என்றேன். அந்த அவசரத்துக்குத்தான் இந்த வைத்தியம் என்றாள். மாடிக் குளியலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. உன் தங்கை பள்ளிக்கூடத்தில் வேலை, வீட்டில் வேலை, ஞாயிற்றுக்கிழமை சபையில் வேலை என்று ஓடிக்கொண்டிருக்கிறாள். என்னைக் குறைவில்லாமல் பார்த்துக்கொள்கிறாள். உப்பை மட்டும் கண்ணில் காட்டுவதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ போனில் சொன்னாய், உனக்கும் மருமகளுக்கும் லீவு இல்லை, சின்னவளை மட்டும் என்னிடம் அனுப்பி வைக்கிறேன் என்று. எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பேத்தியைப் படத்தில்தானே பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு நீ, "ஒண்ணே ஒண்ணுப்பா, அவளை அந்த சண்டே கிளாஸுக்கு மட்டும் அனுப்பக் கூடாது" என்றாய். சரிப்பா என்று சொல்லிப் போனை வைத்தேன். ஆனால் நீ "அந்த" என்று சொன்ன விதம் காதை விட்டுப் போகவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சொல் உன் வாயில் அவ்வளவு சூடாக இருக்கிறது.

உன் தங்கையிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன், மடிப்பதை நிறுத்தக்கூட இல்லை. நான்தான் கிழட்டுப் புத்தியில், அவன் எங்கேயோ இருக்கிறான், இங்கே நடப்பது அவனுக்கு எப்படித் தெரியும், பிள்ளைகளோடு பிள்ளையாக ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு வரட்டுமே என்றேன். அதற்குத்தான் கோபம் வந்தது அவளுக்கு. "அண்ணன் வாயால சொல்லாம அவளை நான் அந்த வாசப்படியைத் தாண்ட விடமாட்டேன். ஊரான் பிள்ளைக்கு ஒரு சட்டம், என் அண்ணன் பொண்ணுக்கு ஒரு சட்டமாப்பா?" என்று கேட்டாள். என்ன சட்டம் என்றா கேட்கிறாய்? இப்போதெல்லாம் அப்பா அம்மா சம்மதம் சொல்லாத பிள்ளையை வகுப்பில் சேர்ப்பதில்லை. அந்தக் காலத்தில் நாங்கள் என்ன செய்தோம்? தெருவில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தவனைக் காதைப் பிடித்து இழுத்துவந்து முதல் வரிசையில் உட்கார வைப்போம். அவன் அம்மா தேடிக்கொண்டு வந்தால் அவளையும் கடைசி வரிசையில் உட்கார வைப்போம். அதை ஊழியம் என்று சொல்லிக்கொண்டோம்.

உன் தங்கை இப்போது வகுப்பு நடத்துகிற அந்த அறையைப் பார்த்தால் நீ அடையாளம் கண்டுபிடிக்க மாட்டாய். நான் கம்பி வளைத்துச் செய்துகொடுத்த குட்டி நாற்காலிகள் அப்படியே இருக்கின்றன, ஆனால் வரிசையாக இல்லை, வட்டமாக. உன் தங்கையும் அதில் ஒன்றில்தான் உட்கார்ந்திருக்கிறாள், முழங்கால் மோவாயை இடிக்கிற மாதிரி. எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒரு பிள்ளையோடு ஒருவர் தனியாக இருக்கக் கூடாது, போதகராக இருந்தாலும் சரி. பழைய மரக் கதவைக் கழற்றிக் கண்ணாடி வைத்த கதவாக நானே மாட்டிக் கொடுத்தேன். யார் வேண்டுமானாலும் வெளியிலிருந்து உள்ளே பார்க்கலாம். சக்கர நாற்காலியில் வருகிற ஒரு பையனுக்காகப் படியை உடைத்துச் சரிவு போட்டிருக்கிறார்கள். இத்தனை வருஷம் அப்படி ஒரு பிள்ளை நம் சபைக்கே வந்ததில்லையே என்று சொன்னேன். "வந்திருப்பாங்கப்பா. படியைப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருப்பாங்க" என்றாள்.

வசனம் ஒப்பிக்கிற போட்டி இல்லை, பரிசு இல்லை. பிள்ளைகள் கேள்வி கேட்கிறார்கள். ஒரு பொடியன், "எல்லாரும் ஒரே பாட்டையே பாடினா கடவுளுக்குப் போரடிக்காதா?" என்று கேட்டான். முன்பு வகுப்பு நடத்தின உன் அம்மாவாக இருந்தால் வேதத்தில் அதிகாரம், வசனம் எல்லாம் சொல்லி அவன் வாயை அடைத்திருப்பாள். உன் தங்கையோ, "தெரியலையேடா. நீ என்ன நினைக்கறே?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆசிரியை தெரியவில்லை என்று சொல்லலாமா?

சபைக் குழுவுக்கும் இதே சந்தேகம்தான். பிள்ளைகள் வரவர குறைகிறார்கள், பக்கத்து சபையில் பெரிய திரை வைத்துக் கார்ட்டூன் போடுகிறார்கள், அங்கே குவிகிறார்கள், நாமும் போடலாம் என்கிறார்கள் சிலர். வகுப்பே வேண்டாம், பிள்ளைகள் பெரியவர்களோடு ஆராதனையில் உட்காரட்டும், பெற்றோரே வீட்டில் சொல்லிக்கொடுக்கட்டும் என்கிறார்கள் சிலர். போன கூட்டத்தில் குழுத் தலைவர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், நேராகவே கேட்டார், "இந்த வருஷம் எத்தனை பிள்ளைங்க ஆண்டவரை ஏத்துக்கிட்டாங்கம்மா? அறிக்கையில போடணும்." எனக்குத் தெரியாதுங்க ஐயா, அது அவர்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவில் உள்ளது என்றாள் இவள். "அப்ப உனக்கு அங்க என்னம்மா வேலை?" என்றார். "உக்காந்திருக்கறது" என்றாள். கூட்டமே சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. அடுத்த வருஷமும் அவளை வைத்திருப்பார்களா என்று தெரியாது. அவளும் அதைப் பற்றிக் கவலைப்படுகிறவளாகத் தெரியவில்லை. ஆனால் இரவில் சரியாகச் சாப்பிடுவதில்லை.

இவள் ஏன் இப்படி இருக்கிறாள் என்று உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அதற்கு அந்த வருஷத்துக்குப் போக வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதானே என்பாய். இல்லை. நீ கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். நான் கதவருகில் கண்ணைத் திறந்துகொண்டு நின்றேன்.

விடுமுறை வகுப்பின் கடைசி நாள். அதற்கு முந்தின நாள் சாப்பாட்டு வேளையில் நீ உன் அம்மாவிடம் ஒன்று கேட்டாய். "போன வருஷம் என் இருதயத்தைக் குடுத்தேன்ல? அதுக்கு முந்தின வருஷமும் குடுத்தேன்ல? ஆண்டவர் இன்னும் வாங்கிக்கலையாம்மா? திரும்பத் திரும்பக் கேக்கறீங்களே?" என்றாய். எனக்குச் சோறு புரையேறிவிட்டது சிரிப்பில். உன் அம்மா சிரிக்கவில்லை. வாயாடாமல் சாப்பிடு என்றாள்.

மறுநாள் அறை நிரம்பிப் பிள்ளைகள். கம்பளித் துணி ஒட்டிய பலகையில் துணியில் வெட்டிய ஆடு, மேய்ப்பன் எல்லாம் ஒட்டி உன் அம்மா கதை சொன்னாள். கதை சொல்வதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. காணாமல் போன ஆட்டை அவள் தேடும்போது நானே கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பேன். கதை முடிந்தது. ஆர்மோனியக்காரர் மெதுவாக வாசிக்க ஆரம்பித்தார். எல்லாரும் தலை குனிந்து கண்ணை மூடுங்கள், இயேசுவுக்கு இருதயத்தைக் கொடுக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்றாள்.

எழுதிக்கொண்டிருந்தவர் இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டார். "எதுக்குப் பெரியவரே கண்ணை மூடணும்? வெல்டிங்குல மூடச் சொன்னா அர்த்தம் இருக்கு" என்கிறார். அவருக்கு நம் பழக்கம் தெரியாது. அடுத்தவர் பார்க்கிறார்களே என்ற கூச்சம் இல்லாமல் கை தூக்கத்தான் என்றேன். "அப்ப நீங்க மட்டும் ஏன் மூடலை?" என்றார். வெளியே பெஞ்சில் பேக்கரிக்காரர் வைத்துவிட்டுப் போன பன் கூடை இருந்தது. தெரு நாய் ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது. அதற்காகத்தான் என்னைக் கதவில் நிற்க வைத்திருந்தாள். எழுதுங்கள் என்றேன், எழுதுகிறார்.

கைகள் உயர்ந்தன. எல்லாப் பிள்ளைகளும் தூக்கினார்கள். தூக்கினால்தான் ஜெபம் முடியும், முடிந்தால்தான் பன் என்பது அவர்களுக்குத் தெரியும். நீ மட்டும் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாய். உன் அம்மா பார்த்துவிட்டாள். வழக்கமாக ஆமென் சொல்கிற இடத்தில் சொல்லவில்லை. "இன்னும் ஒரு பிள்ளை இருக்கு. இயேசு காத்திருக்கார். நாமளும் காத்திருப்போம்" என்றாள். ஆர்மோனியக்காரர் பல்லவியை மறுபடியும் வாசித்தார். அதற்குப் பிறகும் வாசித்தார். பிள்ளைகளுக்குக் கை வலித்தது. ஒரு கையை இன்னொரு கையால் தாங்கிப் பிடித்தார்கள். ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்து யார் என்று பார்த்துக்கொண்டார்கள். பின்னாலிருந்து ஒருவன், "தூக்குடா, வாத்தியாரம்மா பையா" என்றான். பழைய போதகர் ஓரமாக நாற்காலியில் இருந்தார். அவரும் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நீ கண்ணைத் திறக்கவில்லை, அசையவில்லை. உன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது எனக்குக் கதவிலிருந்தே தெரிந்தது.

அப்போது பக்கத்தில் இருந்த உன் தங்கை உன் சட்டைக் கையை இழுத்தாள். சின்னக் குரல்தான், ஆனால் எனக்குக் கேட்டது. "அண்ணே, பசிக்குது" என்றாள்.

நீ கண்ணைத் திறந்து அவளை மட்டும் பார்த்தாய். அவள் அழுகிற மாதிரி உதட்டைப் பிதுக்கினாள். நீ தொடைக்கு அடியிலிருந்து ஒரு கையை எடுத்து மேலே தூக்கினாய்.

உன் அம்மா ஓடிவந்து உன்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். போதகர் கைதட்டினார். ஆர்மோனியக்காரர் கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள். பிள்ளைகள் பன்னுக்கு ஓடினார்கள். உன் பங்கை நீ உன் தங்கையிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விட்டாய்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். கிளி என்று கூப்பிடுவோமே, மூக்கு நீண்ட பெண் குழந்தை, சொன்ன வசனத்தை அப்படியே திருப்பிச் சொல்லுமே, அந்தக் காய்ச்சலில் போன பிள்ளை. அது போய்க் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அடக்கம் முடிந்து வந்து உன் அம்மா சேலைகூட மாற்றாமல் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். "அது போன வருஷம் கை தூக்கலைங்க. கதை முடியுறதுக்குள்ள தூங்கிடுச்சு. தூங்கட்டும்னு விட்டுட்டேன். எழுப்பியிருக்கணும்" என்றாள். இருதயத்தைக் கொடுக்காமல் போன பிள்ளைக்குப் பரலோகம் கிடைக்குமா என்று அவளுக்குப் பயம். ஆறு ஏழு வயசுப் பிள்ளைக்குக் கணக்கு பார்க்கிறவரா ஆண்டவர் என்று நான் கேட்டேன். என் பேச்சு அவளுக்கு வேதமா? போதகரிடம் போய்க் கேட்டாள். அவர் நல்ல மனுஷர்தான், ஆனால் அன்றைக்கு அவருக்கு வேறொரு வீட்டுக்குப் போகிற அவசரம். நாம் செய்கிற வேலையைச் சோர்வில்லாமல் செய்வோம் அம்மா, காலம் குறைவு என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துவிட்டார். காலம் குறைவு என்ற சொல் அவளைப் பிடித்துக்கொண்டது. உனக்கும் அந்த வாரம் உடம்பு கொஞ்சம் சுட்டது, ஞாபகம் இருக்கிறதா? இருக்காது. அவள் ராத்திரி எழுந்து எழுந்து உன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பயத்தோடுதான் அன்றைக்கு உன் கைக்காகக் காத்திருந்தாள். அவள் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. அவள் முகத்தில் இருந்தது வீம்பு இல்லை என்று மட்டும் சொல்கிறேன். நீ கண்ணை மூடியிருந்ததால் அந்த முகத்தை நீ பார்க்கவில்லை.

அதோடு நின்றிருந்தால் நீயும் மறந்திருப்பாய். அவள் நிற்கவிடவில்லை. வருஷாவருஷம் விடுமுறை வகுப்பில், பெண்கள் கூட்டத்தில், வெளியூர் சபையில் எல்லாம் உன் கதையைச் சாட்சியாகச் சொன்னாள். கடினமாக இருந்த என் மகனின் இருதயத்தை ஆண்டவர் உடைத்தார் என்பாள். சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. நீ கண்ணீர் விட்டாய் என்று சேர்ந்தது, முழங்காலில் நின்றாய் என்று சேர்ந்தது. அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அவளுக்கு அப்படியே நடந்த மாதிரி ஆகிவிட்டது. அவள் எழுந்து நின்றதும் நீ எழுந்து வெளியே போவாய். பையனுக்குக் கூச்சம் என்று எல்லாரும் சிரிப்பார்கள்.

பத்தொன்பது வயதில் நீ வெளியே போகவில்லை. சபை நிறைந்திருந்த ஒரு காலையில் அவள் சொல்லி முடித்ததும் எழுந்து நின்றாய். "அன்னைக்குப் பசிச்சுது. அதான் கையைத் தூக்கினேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாய். பிறகு யாரோ பின்னால் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் கெடுத்தது. உன் அம்மா கையில் இருந்த மைக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். அந்த மாதமே நீ வேலை கிடைத்தது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

நீ போன பிறகு உன் அம்மா ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் திடீரென்று, "வயித்துக்காகப் பொய் சொல்ற பிள்ளையா அவன்?" என்று கேட்டாள். அப்போதுதான் நான் கதவிலிருந்து பார்த்ததைச் சொன்னேன். பசி அவனுடையது இல்லை, இவளுடையது என்றேன். உன் தங்கை அங்கேதான் இருந்தாள், பதினாறு வயசு. அவளுக்கு அந்த நாள் சுத்தமாக ஞாபகம் இல்லை. பன் மட்டும் ஞாபகம் இருந்தது, மேலே சர்க்கரை தூவியிருந்தது என்றாள். உன் அம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டாள். "நான் பயத்துல கேட்டேன். அவன் தங்கச்சிக்காகக் குடுத்தான். ரெண்டு பேருல யாரு நல்லதைச் செஞ்சது?" என்றாள். உன் தங்கை எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வருஷ விடுமுறை வகுப்பு. கடைசி நாள், அதே அறை. கதை சொன்னாள், ஆர்மோனியம் ஆரம்பித்தது, பிள்ளைகள் பழக்கத்தில் தாங்களாகவே கண்ணை மூடிக்கொண்டார்கள். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "கண்ணைத் திறங்க பிள்ளைங்களா. போய்ச் சாப்பிடுங்க" என்றாள். ஆர்மோனியக்காரர் பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் கதவைத் திறந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் கை தூக்கச் சொல்லவே இல்லை. தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, எண்ணிக்கை எங்கே என்று கேட்டார்கள். இல்லை என்றாள். ஏன் என்றதற்கு, என் மகனிடம் கேளுங்கள் என்றாள். வேறொரு ஆசிரியையைப் போட்டார்கள். பலகையையும் துணி ஆடுகளையும் அவளிடமே கொடுத்துவிட்டு வந்தாள். ஆனால் வகுப்பை விடவில்லை. பன் எடுத்துக் கொடுக்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கதை ஆரம்பிக்கும் முன்னாலேயே பிள்ளைகளுக்குச் சாப்பிடக் கொடுத்துவிடுவாள். வகுப்பு ஒழுங்கு கெடுகிறது என்று புது ஆசிரியை சண்டை போட்டாள். இவள் கேட்கவில்லை. இன்றைக்கும் அந்த அறையில் முதலில் சாப்பாடு, அப்புறம்தான் கதை. உன் தங்கை பிடித்துக்கொண்டிருக்கிற வழி முழுக்க அங்கிருந்து வந்ததுதான்.

இதை ஏன் அம்மா என்னிடம் சொல்லவில்லை என்று நீ கேட்கலாம். எத்தனையோ தடவை போனைக் கையில் எடுத்தாள். நீ அந்தப் பக்கம் ஹலோ என்றதும், "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்பாய். பசிக்கு நேரத்துக்குச் சாப்பிடு என்பாள். எப்போது பார்த்தாலும் சாப்பாட்டுப் பேச்சுத்தானா என்று நீ ஒரு தடவை எரிச்சல்பட்டாய். அவளுக்கு வேறு விதமாகக் கேட்கத் தெரியவில்லை.

அம்மாவின் அடக்கத்துக்கு வந்தாய். பின்னால் சுவரோரமாக நின்றாய். பழைய போதகர், பாவம், அவருக்கும் தள்ளாத வயசு, தாயின் ஜெபத்தால் மனம் திரும்பிய மகன் என்று உன் கதையையே எடுத்துச் சொன்னார், உயர்வாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு. முழங்காலையும் விடவில்லை, கண்ணீரையும் விடவில்லை. நான் எழுந்து நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்கலாம். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே இருந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது சுவரோரம் யாரும் இல்லை. மண் போடும்போதும் நீ இல்லை. பழைய பொய்யை அம்மா கடைசி வரை பிடித்துக்கொண்டே போய்விட்டாள் என்று நினைத்திருப்பாய். இல்லையப்பா. அவள் அதை விட்டு வெகு காலம் ஆகியிருந்தது. ஊருக்குத்தான் தெரியவில்லை.

சின்னவளை வகுப்பில் விட உன்னிடம் சம்மதம் வாங்கத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். அப்படித்தான் மருந்துக்கடைக்காரரிடமும் சொல்லி உட்கார வைத்தேன். சொல்லிக்கொண்டே வரும்போது, இதுவும் கை தூக்கு என்று காத்திருப்பதுதானே என்று தோன்றுகிறது. வேண்டாம். நீ வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் சபைக்குப் போகாமல் அவளோடு வீட்டில் இருக்கிறேன். அவள் ஏதாவது கேட்டால் உன் தங்கை சொல்கிற மாதிரி தெரியவில்லை என்று சொல்லப் பழகிக்கொள்கிறேன். பேத்திக்கு மாடியில் வெயில் படுகிற அறையை ஒழித்து வைத்திருக்கிறது. ஜன்னல் கம்பியில் கூர் எதுவும் இல்லாமல் ராவி வைத்திருக்கிறேன். குழாயை அவள் வருவதற்குள் சரி செய்துவிடுவேன்.

கேட்பது ஒன்றுதான். அவளை வேறு யாரிடமும் கொடுத்து அனுப்பாதே. நீயே கூட்டிக்கொண்டு வா. ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போ. உன் தங்கை உன்னிடம் எதுவும் கேட்க மாட்டாள், நானும் கேட்க மாட்டேன். நீ நன்றாக இருக்க வேண்டும், மருமகளும் பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும். இதைத் தினமும் நான் யாரிடம் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும், அந்தப் பெயரை எழுத வேண்டியதில்லை.

உன்னிடம் மன்னிப்பு கேட்க வேண்டியவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். உன் அம்மா போய்விட்டாள். போதகர் போன மழைக்காலத்தில் போனார். ஆர்மோனியக்காரர் அவருக்கும் முன்னால். உன் கை உயர்ந்தபோது அந்த அறையில் கைதட்டிய பெரியவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது ஒரே ஒரு ஆள்தான்.

உன் அப்பா.